நாலாவது கரண்டி

கிளுக், கிளுக், கிளுக். நின்றுவிட்டது. அடுக்களையில்தான். எலி இல்லை. எலி சுரண்டும், உருட்டும், இப்படி எண்ணி எண்ணிக் குலுக்காது. மூடின ஏதோ ஒன்றுக்குள் தண்ணீர் மேலே போய்க் கீழே வந்து முட்டுகிற சத்தம். இப்போது இல்லை. ரயில்வே யார்டில் சரக்கு வண்டிக்குப் பெட்டி கோக்கிற இடி ஒன்று விழுகிறது. அது ஒன்றும் செய்யாது. பொன்மலைக் குவார்ட்டர்ஸுக்குக் கல்யாணமாகி வந்த முதல் வாரம் மட்டும்தான் அதற்குத் தூக்கிவாரிப் போட்டது, இப்போது மெலிட்டாகூட அசைய மாட்டாள், ஆறு மாதக் குழந்தை, பிறந்ததிலிருந்து அந்த இடியில்தான் தூங்குகிறாள். ஆனால் இந்தக் கிளுக் வேறு. நேற்றும் கேட்டது, முந்தாநாளும் கேட்ட மாதிரி இருக்கிறது, கனவென்று திரும்பிப் படுத்துக்கொண்டேன். மணி பத்துகூட ஆகியிருக்காது. என் வலது கை அவள் தலைக்கடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, மரத்துப்போய் யாருடையதோ மாதிரி கிடக்கிறது, உருவினால் எழுந்துவிடுவாள், எழுந்தால் இன்னும் ஒரு மணி நேரம் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும், என்னால் முடியாது, இன்றைக்கு முடியாது, நாளைக்குத் திங்கட்கிழமை, ஏழரைக்கு ஸ்கூல் வேன். பிரசவ லீவு இன்றோடு சரி. நாளைக்கு ஏழரையிலிருந்து சாயங்காலம் நாலரை வரைக்கும் இவள் என் மாமனாரின் கையில். கை நன்றாகத்தான் இருக்கிறது. எல்லோரும் கையைத்தான் பார்த்தார்கள்.

ஐந்து வாரம் ஆகிறது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா தலையை நிமிர்த்தி, “ஜெசி, இந்த எழுத்தெல்லாம் ஏன் ஒரு பக்கமா ஒதுங்குது” என்றார், அதைச் சொல்லும்போதே வாயோரம் கோணி காபி சட்டையில் வழிந்தது. அவ்வளவுதான், பத்து நிமிஷம். ஆட்டோ வருவதற்குள் வாய் நேராகிவிட்டது, ஆட்டோக்காரனுக்கு வழிகூட அவர்தான் சொன்னார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு மைல்டு ஸ்ட்ரோக் என்றார்கள். டீக்கடையில் கேட்பது போல, மைல்டா ஸ்ட்ராங்கா. மூளையில் ஒரு சின்ன அடைப்பு, பெரியவர் தப்பித்தார், மாத்திரையை விடாமல் கொடுங்கள், ராத்திரியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போன வாரம் திரும்பக் கூட்டிப் போனோம். என் விரலை இறுக்கிப் பிடியுங்கள் என்றார் டாக்டர், பிடித்தார். நடந்து காட்டுங்கள், நடந்தார். சிரியுங்கள், சிரித்தார். இன்றைக்கு என்ன கிழமை, என்ன தேதி, எந்த ஊர். டாண் டாணென்று சொன்னார். எனக்குத் தெரியும் எப்படிச் சொன்னாரென்று. அன்றைக்குக் காலையில் கேலண்டர் தாளைக் கிழித்துவிட்டு அதற்கு முன்னால் நின்று உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தார், கான்வென்ட்டில் ஞானோபதேசப் பரீட்சைக்கு வராந்தாவில் வரிசையாக நின்று நாங்கள் அசைத்த மாதிரி. நான் குழந்தைக்குத் துணி எடுத்துக்கொண்டு மூன்று தடவை குறுக்கே போய்விட்டு வந்தேன், அவர் என்னைப் பார்க்கவே இல்லை. டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒருவர் பாஸாகிவிட்டு வெளியே வந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டு நிற்கும்போது பிட் அடித்தார் என்று எப்படிச் சொல்வது. மருமகள் எப்படிச் சொல்வது.

பிரிட்டோவிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர், சரக்கு வண்டி கார்டு, இரண்டு நாள் வீட்டில், மூன்று நாள் வண்டியில், இப்போது ஈரோட்டில் கார்டுகள் தங்குகிற ரன்னிங் ரூமில் படுத்திருப்பார். அப்பாவுக்கு என்னமோ சரியில்லைங்க என்றேன். “என்ன சரியில்ல, எங்கிட்ட நல்லாத்தானே பேசினாரு.” பேச்சில் இல்லைங்க, டீ போடுகிறார், பால் காய்ச்சுகிறார், சர்க்கரை போடுகிறார், வடிகட்டுகிறார், ஆற்றுகிறார், தூள் மட்டும் போடவில்லை, வெள்ளையாகக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறார். “எழுவத்தோரு வயசுல நீ என்ன டீ போடறன்னு நானும் பாக்குறேன். டீச்சர்னா வீட்லயும் மார்க் போடணுமா?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் பயம் இருந்தது, அதனால் நான் நிறுத்திக்கொண்டேன். மற்றதையெல்லாம் சொல்லவில்லை. கொத்தமல்லியும் ஈனோவும் வாங்கப் போனவர் சின்ன மார்க்கெட்டில் நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்து, கடை இல்லை என்றார். டிவி ஓடும்போது கூப்பிட்டால் பதில் வராது, டிவியை அணைத்தால் வரும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எழுந்து போய் வாசலில் நிற்கிறார். நாலு பேருக்குச் சிரிப்புக் காட்டுகிற மனிதர் ஸ்பூன் கீழே விழுந்ததற்கு என்னிடம் சத்தம் போட்டார், பிறகு அரை மணி நேரம் கழித்து வந்து அந்த ஸ்பூனைக் கழுவி வைத்தார். மத்தியானம் தூங்குகிறாரே அது தூக்கமில்லை, யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி. இதில் எதற்கு டாக்டரிடம் போவது. எது வியாதி, எது வயசு. ஒவ்வொன்றாக எடுத்தால் ஒன்றுமே இல்லை. மொத்தமாகச் சேர்த்தால் நாளைக்குக் காலை ஏழரை மணி.

மாமா கம்பவுண்டர். முப்பத்திநாலு வருஷம் அரசாங்க மருந்தகத்தில் மிக்சர் கலந்தவர், இன்னமும் தெருவில் கம்பவுண்டர் சூசைமாணிக்கம் என்றால்தான் தெரியும். அந்தக் காலத்தில் மருந்து பாட்டிலில் அளவுக் கோடு கிடையாதாம், இவர்களே ஒரு காகிதத்தை மடித்து ஓரத்தில் பல் பல்லாக வெட்டி பாட்டிலின் மேல் நீளவாக்கில் ஒட்டிக் கொடுப்பார்களாம், ஒரு பல் ஒரு வேளை. மெலிட்டாவுக்குப் பால் பாட்டில் வாங்கினபோது அதில் அச்சடித்த கோடு இருந்தது, மாமா அதை நம்பவில்லை. கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “கம்பெனிக்காரன் கோடு எனக்கு வேணாம்” என்று காகிதம் வெட்டிப் பசை தடவி ஒட்டினார், நாலு பல், நாலு அவுன்ஸ். ஒவ்வொரு அவுன்ஸுக்கும் டப்பாவில் இருக்கிற சின்னக் கரண்டியால் ஒரு கரண்டி மாவு, தலை தட்டி. அளக்கும்போது பேசக் கூடாது. லேபிளை மூன்று தடவை படிக்க வேண்டும், எடுக்கும்போது, ஊற்றும்போது, திரும்ப வைக்கும்போது. ஆபரேஷன் பண்ணிப் பெற்றுவிட்டு நான் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது மூத்திரத் துணியை அவர்தான் அலசினார், எங்கள் அம்மா மூன்றாம் மாதம் அண்ணன் வீட்டுக்குப் போனபிறகு வெந்நீர், குளிப்பாட்டுவது, எல்லாம் அவர்தான். அத்தை இல்லாத வீட்டில் ஒரு ஆம்பிளை இதையெல்லாம் செய்தார். நான் லீவு முடிந்து போகலாம் என்று தைரியம் வந்ததே அவரால்தான். இப்போது அம்மாவைக் கூப்பிட முடியாது, அண்ணிக்கு எட்டாம் மாதம். ஸ்கூலில் இன்னொரு மாதம் கேட்டால் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் என்ன சொல்வார்களோ, ஏற்கனவே என் வகுப்பை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். போ என்று ஒரு பக்கம். போகாதே என்று ஒரு பக்கம். சுற்றிச் சுற்றி அதே இடத்தில் வந்து நிற்கிறேன்.

அந்த ஜெபமாலை. அதிலிருந்துதான் எனக்கு நிஜமாகப் பயம் பிடித்தது. ராத்திரி எட்டு மணிக்கு மாமா முன்னால் சொல்ல நான் பின்னால் சொல்ல வேண்டும், இந்த வீட்டில் அது ஒரு நாளும் தவறினதில்லை. ஒரு மணிக்கு ஒரு ஜெபம், பத்து மணி உருட்டினால் நிறுத்தி அடுத்த இரகசியம், இயேசு வாழ்க்கையின் அடுத்த கட்டம், சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை பத்து முடிந்தது, நிறுத்தவில்லை. பதினொன்று. என் விரல்தான் தவறிவிட்டதென்று நினைத்தேன், குழந்தை மடியில் இருந்தாள். பன்னிரண்டு. பதின்மூன்று. குரல் அதே குரல், கணீரென்று, ஒரு எழுத்து பிசகவில்லை. பதினாலில் இருமினேன். மாமா கையைப் பார்த்தார். விரல்கள் உருட்டிக்கொண்டே இருக்கின்றன, மணி நகரவில்லை, ஒரே மணியைப் பிடித்துக்கொண்டு இத்தனையையும் சொல்லியிருக்கிறார். என்னைப் பார்த்தார். நான் குழந்தையின் மூக்கைத் துடைத்தேன், துடைக்க அதில் ஒன்றுமில்லை. பிறகு அவர் அடுத்த இரகசியத்தைச் சொல்லி ஆரம்பித்தார், குரலில் கணீர் இல்லை. மாதா கணக்குப் பார்க்க மாட்டாள், நாலு கூடினால் கூடட்டும். ஆனால் பால் மாவு.

டப்பா புதன்கிழமை உடைத்தது. நான் வேலைக்குப் போவதற்குப் பழக்கம் வரட்டும் என்று தினம் இரண்டு பாட்டில் மாமா கலந்து கொடுக்கிறார். பாட்டிலுக்கு நாலு கரண்டி, ஒரு நாளைக்கு எட்டு, புதன் வியாழன் வெள்ளி சனி ஞாயிறு, நாற்பது. பாதி டப்பாகூடக் காலியாகக் கூடாது. சாயங்காலம் திறந்து பார்த்தேன், கரண்டி அடித்தட்டில் உரசுகிறது. அந்த மாவு எங்கே போனது. எங்கே போகும். என் பிள்ளையின் வயிற்றுக்குத்தான். அளவு கூடினால் ஆபத்து என்று டப்பாவிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது, சிறுநீரகத்துக்கு ஆகாது, உடம்பில் நீர் வற்றிவிடும். வெள்ளிக்கிழமை கட்டி கட்டியாகக் கக்கினாள். வெள்ளிக்கிழமைதானே. அன்றைக்கு மத்தியானப் பாட்டிலைக் கலந்தது மாமாவா நானா. நான் கலந்தேன் என்றுதான் தோன்றுகிறது, மாமா தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது கரண்டி போடும்போது காலிங் பெல் அடித்தது, கேஸ்காரன், திரும்பி வந்து நாலாவதைப் போட்டேன். அது நாலாவதா, ஐந்தாவதா. பார், எனக்கே தெரியவில்லை. இருபத்தெட்டு வயசு எனக்கு. நேற்று ராத்திரியைத் தவிர ஆறு மாதமாகத் தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கினதில்லை, செருப்பை பிரிட்ஜில் வைத்திருக்கிறேன், குளிர்ந்த செருப்பை எடுத்து மாமாதான் வாசலில் வைத்தார், “வெயில்ல போட நல்லாத்தான் இருக்கும்” என்றார். என் மண்டையே இப்படி இருக்கும்போது அவர் எண்ணிக்கையை நான் எப்படிச் சந்தேகப்படுவது. கான்வென்ட் ஹாஸ்டலில் விளக்கணைப்பதற்கு முன்னால் சிஸ்டர் கன்சாகா கட்டிலுக்குக் கட்டில் நடந்துகொண்டே கேட்பார்கள், இன்றைக்கு யாரைத் தப்பாக நினைத்தாய், மனசுக்குள்ளே சொல்லு. மாமாவை, சிஸ்டர். இல்லை, தப்பாக நினைக்கவில்லை. பயந்தேன். பயம் பாவமா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

கிளுக், கிளுக், கிளுக், கிளுக். இப்போது நன்றாகக் கேட்கிறது. எனக்குத் தெரிந்த சத்தம் இது. பாட்டில். பால் பாட்டிலை மூடி போட்டுக் குலுக்குகிற சத்தம். குழந்தை இங்கே என் பக்கத்தில் தூங்குகிறாள், யாருக்குப் பால். யாருக்கு. கையை உருவுகிறேன். ஒரு முனகல், உதட்டை இரண்டு தடவை சப்பிவிட்டு அடங்கிவிட்டாள். இரண்டு பக்கமும் தலையணை வைத்து எழுந்திருக்கிறேன், கையில் ரத்தம் இறங்கி எறும்பு ஊர்கிறது, முட்டி வலிக்கிறது, இந்த ஏழெட்டு அடியை நடக்காமல் இப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டால் என்ன என்று இருக்கிறது. போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அப்புறம் எனக்கு ஒரு வழிதான் இருக்கும். மாமாவின் கட்டில் காலி. அடுக்களையில் விளக்கு எரிகிறது.

மேடைமேல் வரிசையாக ஐந்து டம்ளர். ஐந்திலும் பால். ஒன்று தண்ணீர் மாதிரி நீலம் பாய்ந்து, ஒன்று கஞ்சி மாதிரி, மற்ற மூன்றும் நடுவில் எங்கேயோ. மாமா எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறார், பனியன், கைலி, இடது கையில் ஜெபமாலை, வலது கையில் மாவுக் கரண்டி. டப்பாவின் மேல் ஒரு தாள் சாய்த்து வைத்திருக்கிறார், அவருடைய கையெழுத்து, ஒன்று வெந்நீர், இரண்டு மாவு, மூன்று மூடி, நான்கு குலுக்கு, மருந்துச் சீட்டு மாதிரி அடிக்கோடிட்டு. பாட்டிலில் ஒரு கரண்டி போட்டார், ஒரு மணியை நகர்த்தினார். இரண்டு. நகர்த்தினார். மூன்று. அப்படியே நின்றார். மணியைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், நகர்த்திவிட்டோமா இனிமேல்தான் நகர்த்த வேண்டுமா, எனக்கு அவருடைய முதுகிலேயே தெரிந்தது. நான் சத்தமாக மூச்சு விட்டிருக்க வேண்டும்.

“யாரு, ஜெசியா. முழிச்சிட்டாளா?”

“இல்ல மாமா. தூங்குறா. நீங்க என்ன பண்றீங்க?”

“ஒத்திகை.” திரும்பவில்லை. “நாளைக்கு நீ போயிடுவேல்ல. அதான். நாலு நாளாப் பண்றேன்.”

அப்படியானால் டப்பா. அந்த மாவெல்லாம் அவள் வயிற்றுக்குப் போகவில்லை, இந்த டம்ளர்களில், ராத்திரி ராத்திரி, பிறகு வாஷ் பேசினில். மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

“நல்லாத்தானே போட்டுட்டு இருந்தீங்க மாமா.”

“பகல்ல நீ பக்கத்துல நிக்கிற. நீ வாயால எண்ணுறது உனக்கே தெரியாது, நான் அதக் கேட்டுப் போட்டுடறேன்.” இப்போது திரும்பினார். கண்ணாடியில் மாவு படிந்திருந்தது. “நீ இல்லாம அஞ்சு தடவைக்கு எத்தன தடவை சரியா வருதுன்னு பாத்தேன். மூணு வரைக்கும் போயிடறேன். நாலாவதுலதான். போட்டேனா போடலையான்னு நிக்குது. மறந்துடுச்சுன்னாக்கூடப் பரவால்லம்மா, மறந்தது தெரியும்ல. இது அப்படி இல்ல. போட்ட மாதிரியும் இருக்கு, போடாத மாதிரியும் இருக்கு, ரெண்டும் ஒரே அளவு நெசமா இருக்கு.” கஞ்சி மாதிரி இருந்த டம்ளரை என் பக்கம் தள்ளினார். “இத நாலுன்னுதான் நெனச்சேன். குடிச்சுப் பாரு.”

வாயில் வைத்தேன். நாக்கில் ஒட்டியது. ஏழு கரண்டியாவது இருக்கும், எட்டுகூட. முழுங்க முடியாமல் முழுங்கினேன்.

“கம்பவுண்டர் சர்டிபிகேட்ட பிடுங்கிடலாமா?” என்றார்.

“டாக்டர்கிட்ட சொல்லலாம் மாமா. இதுக்கும் வைத்தியம், பயிற்சி ஏதாச்சும் இருக்கும். அவங்க கையும் காலும்தானே பாத்தாங்க.”

“சொல்லலாம். இந்தவாட்டி கேலண்டர் பாக்காமப் போறேன்.” எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. “நாளைக்கு சிஸ்டருக்குப் போன் பண்ணி வரலன்னு சொல்லிடு. மாமனாருக்கு முடியலன்னு சொல்லு. பொய் இல்ல.”

“அவர்கிட்ட நான் சொல்லவா?”

“நானே சொல்றேன். எம்மவன், நாந்தான் சொல்லணும்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “காலைல ஞாபகப்படுத்து” என்றார்.

சிரிப்பு வந்தது எனக்கு, அழுகையும் அதே இடத்திலிருந்து வந்தது, இரண்டையும் அடக்கிக்கொண்டு டம்ளர்களை எடுத்து ஒவ்வொன்றாகக் கொட்டினேன். அவர் துடைத்தார். கடைசி டம்ளரைக் கவிழ்க்கும்போது குரலைத் தாழ்த்தினார்.

“இன்னொண்ணு இருக்கும்மா. அவ ராத்திரி சிணுங்கினா எனக்குக் கால் தானா எந்திரிச்சுப் போகுது. நேத்து உங்க ரூமுக்குள்ள நின்னேன், கையில பாட்டில். நீ அசந்து தூங்குற. திரும்பி வந்து பாத்தா பாட்டில் காலி. குடுத்தேனா, கீழ ஊத்தினேனா, இப்ப வரைக்கும் தெரியல.”

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூட வேண்டும் என்று தெரிகிறது, கை போகவில்லை. நேற்று ராத்திரி. நான் அசந்து தூங்கினேன், ஆமாம், ஆறு மாதத்தில் முதல் தடவை நாலு மணி நேரம், காலையில் எழுந்து ஆண்டவருக்கு நன்றிகூடச் சொன்னேன். காலையில் அவள் ஆறு மணிப் பாலுக்கு வாயைத் திருப்பிக்கொண்டாள். பசியில்லையென்று சந்தோஷமாகத் தூங்க வைத்தேன். தூக்கத்தில் படுத்தபடி, தொண்டையில், அந்தக் கஞ்சி. ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் போல இருந்தது, அவர் முன்னால் ஓடக் கூடாது. மாமா கையை நீட்டிக் குழாயை மூடினார்.

“அதனால, நீ உள்ள தாழ்ப்பாள் போட்டுக்க.”

“அது எப்படி மாமா. நீங்க விழுந்தா எனக்குக் கேக்கணும்ல. அதுக்குத்தானே கதவத் தொறந்தே வச்சிருக்கேன்.”

“விழுந்தா நல்லாச் சத்தமா விழுறேன். போ.”

“மாமா.”

“நான் வெளிய நின்னு பாத்துட்டுத்தான் படுப்பேன். ஒருவேளை மறந்துட்டு வந்து கதவத் தட்டினா, பாட்டிலக் காட்டிக் கேட்டா, தொறக்காத. அதட்டினாலும் தொறக்காத. என்ன?”

என்ன என்று இரண்டாவது தடவையும் கேட்டார். சரி மாமா என்றேன். என் குரல் இல்லை அது, ஹாஸ்டலில் எழுந்து நின்று சரி சிஸ்டர் என்கிற குரல்.

மெலிட்டா தலையணைகளுக்கு நடுவில் கிடக்கிறாள். மூக்குக்கு நேராக விரலை வைத்துப் பார்க்கிறேன், சுடுகிறது. நெஞ்சில் காது வைக்கிறேன். டயப்பரைத் தொட்டுப் பார்க்கிறேன், நனைந்து கனமாக இருக்கிறது, நனைந்தால் நல்லது, நீர் போகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நிற்கிறார். கதவைச் சாத்துகிறேன், கீழிடுக்கில் அவர் கால்களின் நிழல் இரண்டாகத் தெரிகிறது. சாத்தினால் போதாதா, சாத்திவிட்டுப் போட்டேன் என்று சொன்னால் போய்ப் படுத்துவிடுவாரே, அவருக்கு எப்படித் தெரியப் போகிறது. சொல்லிவிடலாம். இந்த வீட்டில் எனக்குத் துணி அலசிப் போட்டவரை வெளியே வைத்துத் தாழ் போடுகிறேன். பெயிண்ட் அடித்தபோது தாழ்ப்பாளின் மேலும் அடித்துவிட்டார்கள், கொண்டி இறுகிக் கிடக்கிறது. இழுக்கிறேன். கட்டை விரல் வழுக்குகிறது.

“தாழ் இன்னும் விழலம்மா” என்கிறார் மாமா அந்தப் பக்கத்திலிருந்து, பொறுமையாக.

“டைட்டா இருக்கு மாமா.”

“மேல தூக்கிட்டுத் தள்ளு. அவசரமில்ல. நான் நிக்கிறேன்.”

தூக்கினேன். உள்ளங்கையை வைத்து, உடம்பு பாரத்தையெல்லாம் அதில் சாய்த்துத் தள்ளினேன். பெயிண்ட் உதிர்ந்து, கொண்டி ஓட்டைக்குள் போய் விழுந்தது.